பிக்கரிங் முகவரி

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு கடைத்தொகுதி, இங்கே பிளாசா என்பார்கள். ரோல்ஸ் கடைக்குப் பக்கத்திலிருக்கும் காப்புறுதி முகவரின் அறையில் நிற்கிறேன். என்னைக் கூட்டி வந்த வசந்தி அக்கா வீட்டில்தான் இந்த வாரம் தங்கியிருக்கிறேன். அக்கா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், ஒரு தடவைகூட எங்கும் இடித்ததில்லை. ஆனாலும் அவருடைய காருக்குக் காப்புறுதிக் கட்டணம் ஏறியிருக்கிறது. காரணம், அவர் குடியிருக்கும் இடத்தின் தபால் குறியீடு. பக்கத்து நகரமான பிக்கரிங்கில் இதே காருக்குக் கட்டணம் குறைவு.

முகவர் குரலைத் தாழ்த்துகிறார். "பிக்கரிங்கில உங்கட தம்பி வீடு இருக்குத்தானே அக்கா? அந்த அட்ரஸைப் போடுவம். குறையும். இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான் செய்யினம்."

வெட்கத்தை விட்டு ஒப்புக்கொள்கிறேன், எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் படுகிறது. அக்காவுக்கு முகம் சிவக்கிறது.

"நான் அங்க படுத்தெழும்புறேல்லை. ஏன் பொய் சொல்லவேணும்? இப்பிடிக் கூட்டுறதுக்கு ஆர் ஓம் சொன்னது?"

"அதுக்கு மாகாணத்தில ஒரு ஆணையாளர் இருக்கிறார். அவர் சம்மதிச்சாத்தான் கொம்பனி கூட்டலாம்."

"அப்ப அவருக்கு எழுதுறன். பேப்பர் தாங்கோ."

முகவர் சிரிக்கிறார். "ஸ்காபரோவில இருந்து ஒருத்தரும் அவருக்கு எழுதுறேல்லை, அக்கா."

"எப்பிடி எழுதுவினம்? எல்லாரும் பிக்கரிங்கில எல்லோ இருக்கினம்!"

அக்கா தான் குடியிருக்கும் டோர்செட் பார்க் அடுக்குமாடியின் முகவரியைத் தபால் குறியீட்டோடு பெரிய எழுத்தில் போட்டுவிட்டுத்தான் கடிதத்தைத் தொடங்குகிறார். முடித்ததும் நிமிர்ந்து முகவரைப் பார்க்கிறார்.

"உங்கட கார் எந்த அட்ரஸில இருக்கு, தம்பி?"

முகவர் பிரிண்டரைப் பார்க்கிறார். அக்கா கையெழுத்துப் போட்டு, அதன் கீழே இன்னொரு பெயருக்கு இடம் விட்டு, பேனாவை அவர் பக்கம் நீட்டுகிறார்.