இருமலோடு போன குரல்

ஒலிப்பதிவுக்காரி சுத்தம் பார்ப்பவள். வீட்டைச் சொல்லவில்லை, வீடு குப்பைக்காடு. ஒலியில்தான் அவளுக்கு அந்தப் பிடிவாதம். விளம்பரத்துக்குக் குரல் கொடுக்க வருகிறவர் எச்சில் விழுங்கினால்கூட அதை வெட்டி எறிந்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

அவளுடைய அண்ணன் காய்கறிச் சந்தையில் ஏலம் கூவுகிறவர். வெண்கலத் தொண்டை. அந்தத் தொண்டையில்தான் புற்றுநோய் வந்து தொலைத்தது. குரல்வளையையே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், தங்கை அவரைத் தன் பதிவு அறையில் உட்கார வைத்து நாள்கணக்கில் பேச வைத்தாள். அந்தப் பதிவைக் கொடுத்தால், அவர் போனில் தட்டுவதை அவர் குரலிலேயே பேசவைக்க ஒரு நிறுவனம் இருந்தது. ஆபரேஷன் முடிந்தும் அவள் அனுப்பவில்லை. பேச்சுக்கு நடுநடுவே இருமல். இருமலோடு அண்ணனை அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை.

இருமலை நீக்கும் மென்பொருள் ஒன்று இணையத்தில் ஓசியில் கிடைத்தது. இறக்கிப் போட்டாள். மறுநாள் ஒரு கோப்பும் திறக்கவில்லை. பணம் கட்டினால் பூட்டைத் திறப்போம் என்று திரையில் மிரட்டல்.

கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்ததும் முதல் வேலையாக நெட் ஒயரைப் பிடுங்கினார். இந்தப் பூட்டுக்கு யாராவது சாவி கண்டுபிடித்திருக்கிறார்களா என்று தன் போனில் தேடினார். இல்லை. பணம் கட்டியவர்களுக்கும் திறக்கவில்லையாம். பதிவுக் கருவியில் இருக்குமே என்றார். அதில் இருந்ததை அவள் வழக்கம்போல் அழித்துத் துடைத்து வைத்திருந்தாள். வேறு காப்பி? மேசைக்கு அடியில் காட்டினாள். காப்பி எடுத்து வைத்த வன்தட்டு கீழே விழுந்துவிடக் கூடாதென்று டேப் போட்டுக் கம்ப்யூட்டரோடேயே ஒட்டியிருந்தாள். ஒயரைக் கழற்றியதே இல்லை.

"இதுவும் பூட்டிக்கிச்சும்மா," என்றார். "காப்பி எடுத்தா கழட்டித் தனியா வைக்கணும். கூடவே மாட்டி வச்சா அதுவும் கூடவே போயிடும்."

என்றைக்காவது சாவி வரலாம், அழிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் பதிவு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். அங்கே அழுதால் வெளியே கேட்காது. யாராவது கேட்டு வந்து நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மாலையில் அண்ணன் வந்தார். ஒளிக்காமல் சொன்னாள். அவர் போனில் தட்டினார், அழித்தார், மறுபடி தட்டினார். போன் வாங்கும்போதே அதற்குள் இருந்த குரல் பேசியது.

"விடு குட்டி. இருமினது நான்தானே."

அவளைக் குட்டி என்று கூப்பிட உலகத்தில் அண்ணன் ஒருவர்தான். இப்போது யாரோ ஒருவன் கூப்பிட்டான்.