மோதிரத்துக்கு ஒரு லென்ஸ்

கடலூர் முதுநகரில் எனக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ சோறு போடுகிறது. பங்குக் கோயில் கல்யாணங்கள் குழம்பு ஊற்றுகின்றன. அந்தக் குழம்புக்குத்தான் போன தை மாதம் ஆபத்து வந்தது.

எங்கள் பங்கு ஃபாதருக்குத் திருப்பலி நேரத்தில் ஃபிளாஷ் அடித்தால் பிடிக்காது. பீடத்தில் நின்றபடியே கையைத் தூக்கித் தடுத்துவிடுவார். என்னிடம் இருந்ததோ கேமரா வாங்கும்போது கூடவே வந்த லென்ஸ். நல்ல வெயிலில் மட்டும் கண் தெரியும் வகை. விளைவு, மாப்பிள்ளை பெண்ணுக்கு மோதிரம் போடும் படத்தில் மோதிரமும் இல்லை, விரலும் இல்லை. இருட்டில் யாரோ யாருக்கோ லஞ்சம் கொடுப்பது போல இருந்தது.

ஃபாதர் கூப்பிட்டு அனுப்பினார். "அடுத்த கல்யாணத்துலயும் இப்படின்னா, பாண்டிச்சேரில ஒருத்தர் இருக்காரு, அவரையே வச்சிக்கச் சொல்லிடுவேன்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அவர் சத்தமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

அடுத்த கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. கையில் சீட்டு எடுத்த பணம் இருபதாயிரம். இருட்டிலும் கண் தெரியும் லென்ஸுக்கு அதற்குள் இரண்டு வழி. மஞ்சக்குப்பம் கடையில் புதிய 'தேர்ட் பார்ட்டி' லென்ஸ், அதாவது கேமரா ஒரு கம்பெனி, லென்ஸ் வேறு கம்பெனி, கேரண்டி உண்டு. இல்லையென்றால் அண்ணாமலை நகரில் ஒருவர் விற்கப் போட்டிருந்த பழைய 'ஒரிஜினல்'. கேமரா கம்பெனியே செய்தது, கேரண்டி கிடையாது. மூன்று நாள் வீடியோ பார்த்தேன். ஒருவர் ஒரிஜினல்தான் என்று சத்தியம் செய்தார். இன்னொருவர் ஒரிஜினல் என்பதே ஏமாற்று என்றார். கடைசியில் இரண்டு பேரும் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டு லைக் போடச் சொன்னார்கள். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு பேரும் பங்காளிகளாக இருப்பார்களோ?

என் பயத்துக்குத் துணையாகப் பண்ருட்டியிலிருந்து மச்சானை வரவழைத்தேன். என் மனைவியின் தம்பி. பலாப்பழ வியாபாரம். லென்ஸைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. விற்கிறவனைப் பற்றி எல்லாம் தெரியும்.

"பழம் விக்கிறவன்ட்ட அந்தப் பழத்தைப் பத்தியே கேக்கக் கூடாது மாமா. வீட்டுக்குன்னு எதை எடுத்து வச்சிருக்கான்னு கேக்கணும். அதைக் காட்டச் சொல்லணும். அது எந்த மரத்துப் பழமோ, அந்த மரத்துப் பழத்தையே லோடு ஏத்தணும்."

மஞ்சக்குப்பம் கடைக்காரர் தேர்ட் பார்ட்டியின் அருமை பெருமைகளைச் சொல்லி முடித்ததும் மச்சான் கேட்டான்: "அண்ணே, நீங்க கல்யாணத்துக்குப் போனா எந்த லென்ஸு மாட்டுவீங்க? அதைக் கொஞ்சம் காட்டுங்க."

அவர் தயங்கி, உள்ளே போய்த் தன் கேமராவை எடுத்து வந்தார். மாட்டியிருந்தது ஒரிஜினல்.

"இது வசதியா இருந்த காலத்துல வாங்குனது. இப்ப வாங்குனா நானும் இதைத்தான் வாங்குவேன்" என்று புதுப் பெட்டியைத் தட்டினார்.

மச்சான் என் காலை மிதித்தான். நாங்கள் சிதம்பரம் பஸ் ஏறினோம்.

அண்ணாமலை நகரில் விற்பவர், ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிச்சாவரத்தில் பறவைகளைப் படம் எடுப்பது பொழுதுபோக்கு. போனதும் காபி கொடுத்தார். பொருள் சரியில்லாதவர்கள்தான் முதலில் காபி கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே, சர்க்கரை கொஞ்சம் கூடப் போடச் சொல்லிக் குடித்தேன்.

பையிலிருந்து டார்ச்சை எடுத்து லென்ஸுக்குள் அடித்தேன். பழைய லென்ஸில் ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்திருந்தால் உள்ளே வெள்ளை நூல் மாதிரி தெரியும். முன்பக்கம் அடித்தேன், பின்பக்கம் அடித்தேன், சாய்த்து வைத்து அடித்தேன். ஒன்றுமில்லை. இவ்வளவு சுத்தமாக இருந்தால் எப்படி நம்புவது? பில் இருக்கிறதா என்று கேட்டேன். பிளாஸ்டிக் உறைக்குள் மடிப்புக் கலையாமல் இருந்தது. திருட்டுப் பொருளுக்குத்தான் இவ்வளவு அக்கறையாகப் பில் வைத்திருப்பார்கள் என்று தோன்றியது.

"சார், அப்ப உங்களுக்குன்னு எதை வச்சிருக்கீங்க?" என்றான் மச்சான்.

அவர் பீரோவைத் திறந்து காட்டினார். மஞ்சக்குப்பத்தில் பார்த்த அதே தேர்ட் பார்ட்டி லென்ஸ்.

"எனக்குக் கழுத்து எலும்பு தேஞ்சிருக்கு. ஒரிஜினல் கனம் ஜாஸ்தி. இது லேசு" என்றார்.

ஒரிஜினலை வைத்திருப்பவர் தேர்ட் பார்ட்டி விற்கிறார். தேர்ட் பார்ட்டியை வைத்திருப்பவர் ஒரிஜினல் விற்கிறார். மச்சானைப் பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பலாப்பழத்துல இந்த மாதிரி ஆனதே இல்ல மாமா" என்று காதில் சொன்னான்.

எனக்கு வேர்த்துவிட்டது. கைக்குட்டை என்று நினைத்து லென்ஸ் துடைக்கும் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு லென்ஸைப் பையில் போட்டு நீட்டினார்.

"கல்யாணத்துல போட்டு எடுத்துப் பாருங்க. புடிச்சா பணம் குடுங்க, புடிக்கலன்னா லென்ஸைக் குடுங்க."

முன்பணம் கேட்கவில்லை. போன் நம்பர்கூடக் கேட்கவில்லை. என்னை இவ்வளவு சுலபமாக நம்புகிறவரை நான் எப்படி நம்புவது? பஸ்ஸில் வரும்போது மச்சானிடம் விளக்கினேன்: இந்த லென்ஸ் திருப்பலி நடுவில் நின்றுபோகும், நாம் திருப்பிக் கொண்டுபோனால், நீங்கதான் கெடுத்தீங்க என்பார்.

"அப்ப எதுக்கு மாமா வாங்கிக்கிட்டு வந்த?"

"அவர் குடுத்தாரு."

கடலூரில் இறங்கியதும் மச்சான் நேராகப் பண்ருட்டி பஸ்ஸில் ஏறிவிட்டான்.

கல்யாணத்தன்று பீடத்துக்குப் பக்கத்தில் நின்றேன். மோதிரத் தட்டு வந்தது. ஃபாதர் பழைய நினைப்பில் என் பக்கம் கையைத் தூக்கினார். ஃபிளாஷ் இல்லை என்று கேமராவின் தலையைத் தொட்டுக் காட்டினேன். மாப்பிள்ளை மோதிரத்தை எடுத்துப் பெண்ணின் விரலில் போட்டார். அழுத்தினேன். பார்க்கப் பயந்து மேலும் ஒன்பது முறை அழுத்தினேன். பிறகுதான் பார்த்தேன். மோதிரம் இருந்தது. விரல் இருந்தது. நகத்தோரம் மருதாணி கலைந்திருந்ததுகூட இருந்தது.

திருப்பலி முடிந்ததும் ஃபாதர் வந்து, படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, உற்றுப் பார்த்தார். ஓரத்தில் அவர் முகமும் விழுந்திருந்தது.

"என் கண்ணாடி இவ்ளோ அழுக்கா இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலியே" என்றவர், கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்துக்கொண்டார். "அடுத்த மாசம் ரெண்டு கல்யாணம் இருக்கு. ஆபீஸ்ல தேதி கேட்டுக்கங்க."

திங்கட்கிழமை பணத்தோடு அண்ணாமலை நகர் போனேன். அவர் எண்ணாமல் வாங்கி மேசை டிராயரில் போட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், யாருன்னே தெரியாது. எந்த நம்பிக்கைல குடுத்தீங்க?"

"நீங்க லென்ஸைப் பாத்த நேரமெல்லாம் நான் உங்களைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். "இவ்ளோ பயப்படுற ஆளு எதையும் தூக்கிட்டு ஓட மாட்டாரு."

இந்தமுறை காபி நன்றாக இருந்தது. பஸ்ஸில் ஜன்னல் சீட்டும் கிடைத்தது. லென்ஸ் இனி என்னுடையது, கேட்பாரில்லை. புதுச்சத்திரம் வருவதற்குள் இரண்டு முறை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன்.