சீன மேடத்தின் பத்து நிமிடம்

சீன மேடம் என்று சொன்னால்தான் பல்கலைக்கழகத்தில் யாருக்கும் தெரியும். பதினோரு வருஷமாகத் தற்காலிக வேலை. சீனமொழி படிக்கிற மாணவர்களுக்கு மேடையில் நின்று பேசக் கற்றுக்கொடுப்பாள். தேர்வன்று முன்வரிசையில் உட்கார்ந்து மார்க் போடுவாள். தாளைப் பார்த்துப் படித்தால் இரண்டு மார்க் போச்சு, பதினைந்து விநாடி வாயை மூடி நின்றால் ஃபெயில். ஆனால் அம்மணி தான் மட்டும் ஒருநாளும் மேடையேறியதில்லை. நம்மை யார் கேட்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டாள்.

கேட்டுவிட்டார்கள். வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் தேர்வுக் குழுவுக்கும் மாணவர்களுக்கும் முன்னால் பத்து நிமிடம் சீனத்தில் பேச வேண்டும். சொதப்பினால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. குளியலறையில் நின்று ஒப்பித்தாள். "குழாய்க்கே மனப்பாடம் ஆயிருக்கும். வெளிய வாம்மா, எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு" என்று கணவர் கதவைத் தட்டினார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

தலைப்பு, வீட்டுக்குப் பக்கத்துச் சந்தை. அன்று மேடையேறியதும் மூன்று நிமிடம் பேச்சு மடமடவென்று ஓடியது. குழுத் தலைவர் பேனாவைத் திறந்தார், அவ்வளவுதான், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஐந்து விநாடி. பத்து. பாவம், பிள்ளைகளுக்கு எண்ணிப் பழகியவள் தனக்கும் எண்ணினாள். பன்னிரண்டில் மூன்றாம் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். போன பருவத்தில் இப்படியே வாயடைத்து நின்று, இவள் கையால் ஃபெயில் வாங்கியவள்.

அந்தச் சந்தையில் டீச்சருக்கு யார் கடை பிடிக்கும் என்று திக்கித் திக்கிச் சீனத்தில் கேட்டாள்.

முட்டைக்காரி கடை என்றாள் மேடம். ஏன் என்றாள் அவள். அழுகியதைத் தலையில் கட்டிவிட்டு மறுநாள் குசலம் விசாரிப்பாளே, அதற்காக என்றாள் மேடம். அரங்கு சிரித்தது. மீதி நேரம் போனதே தெரியவில்லை.

"வெள்ளிக்கிழமை வந்து ஆர்டரை வாங்கிக்கோங்க" என்றார் குழுத் தலைவர்.

மேடம் நடைக்கூடத்தில் அந்தப் பெண்ணைப் பிடித்தாள். "நல்லவேளை எழுந்தேம்மா. எப்படித் தோணுச்சு?"

"நான் மாட்டிக்கிட்டு நின்னப்ப, யாராவது ஏதாவது கேட்டா பேசிடலாம்னு இருந்துச்சு மேடம். உங்களையேதான் பார்த்தேன். நீங்க வாட்சைப் பார்த்துட்டிருந்தீங்க."