எதுக்கு அக்கா

அலாரம் செயலி தயாரிக்கும் அந்தக் கம்பெனியில், செயலியைச் சோதித்துப் பார்ப்பவளுக்கு 'எதுக்கு அக்கா' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பதினொரு வருஷமாக, செயலி எந்த அனுமதி கேட்டாலும் அவள் வாயிலிருந்து முதலில் வருவது அந்தக் கேள்விதான்.

"காலைல எழுப்பிவிட, போன்ல இருக்கற எல்லார் நம்பரும் எதுக்கு சார்?"

"எல்லா கம்பெனியும் கேக்குது, நாமளும் கேப்போம்" என்றார் மேனேஜர்.

"அப்போ உங்க போன்லயே போட்டுப் பாத்துடுவோம்!"

அவர் படிக்காமலே 'சம்மதம்' அமுக்கினார். அடுத்த நிமிஷம் அவருக்குத் தெரிந்த நானூறு பேருக்கும் 'என்னோடு சீக்கிரம் எழுந்திருங்கள்!' என்று அழைப்பு பறந்தது. முதல் ஆளாக மாமியாரே கூப்பிட்டார். ஸ்பீக்கர் வேறு போட்டிருந்தது.

"மாப்ளே, நான் லேட்டா எந்திரிக்கிறேன்னு யார் சொன்னா?"

அறையே சிரிப்பில் அதிர்ந்தது. அக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மறுநாள் செயலி, போன் இருக்கும் இடத்தை அறிய அனுமதி கேட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் கத்தினார்: "எதுக்கு?"