ஜீப்பில் போன ஆராய்ச்சி

எங்கள் ஊரில் ஆராய்ச்சி என்றால் மண் பரிசோதனைதான். விவசாய ஆபீசிலிருந்து யாராவது வந்து வயல் மண்ணைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போவார்கள். அதனால் என் தங்கை சகாயமேரி மெட்ராஸில் எம்.இ. சேர்ந்து ஆராய்ச்சி செய்கிறாள் என்றதும், "தக்காளி இலை சுருளுதே, அதுக்கு ஒரு மருந்து கண்டுபிடிக்கச் சொல்லுங்க" என்று பாதிப் பேர் அப்பாவிடம் கேட்டார்கள். அப்பா யாகப்பன் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் தக்காளியும் கொஞ்சம் கரும்பும் போடுகிறவர். "சொல்றேங்க" என்று எல்லோரிடமும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்.

அவள் படித்தது கம்ப்யூட்டர். 1987 மே மாத லீவுக்கு அவள் வந்தபோது நானும் அம்மா வீட்டில் இருந்தேன். நான் மூத்தவள், மதலேனம்மாள். பாப்பாரப்பட்டியில் கட்டிக்கொடுத்து அங்கேயே டீச்சர் வேலை பார்த்தவள். கீரை ஆய்ந்துகொண்டே அம்மா கேட்டாள்: "அப்படி என்னதாண்டி கண்டுபிடிக்கற?"

"அம்மா, பல ஊர்ல பல கம்ப்யூட்டர் இருக்குதுன்னு வெச்சுக்க. எல்லாம் சேர்ந்து ஒரே வேலையைச் செய்யணும். அதுக்கு அதுங்களுக்குள்ள ஒரு தலைவர் வேணும். தலைவர் செத்துப்போனா, மத்ததுங்க பேசி வெச்சுப் புதுசா ஒருத்தரை எடுக்கணும். சண்டை வரக்கூடாது."

"போன வருசம் பஞ்சாயத்து எலெக்‌ஷன்லயே முடியலையே. மிசினு செய்யுமாக்கும்!" என்றாள் அம்மா.

சகாயமேரியின் யோசனை அதற்கும் ஒரு படி மேலே போனது. அந்தக் கம்ப்யூட்டர்கள் ஒரே இடத்தில் இல்லாமல் வண்டியில் ஊர் சுற்றிக்கொண்டு, கம்பி இல்லாமல் ரேடியோவில் பேசிக்கொண்டால் என்ன ஆகும்? இதைத்தான் அவள் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டுபோய்த் தன் புரொபசரிடம் காட்டினாள். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பத்துல ஒரு செய்தி வழியில தொலையும்னு எழுதியிருக்கியே, யாரு சொன்னா?" யாரும் சொல்லவில்லை. அவளாகப் போட்ட கணக்கு. "போய் நிஜமா அளந்துட்டு வா" என்று அனுப்பிவிட்டார்.

அளக்க ரேடியோவுக்கு எங்கே போவது? சர்க்கரை ஆலையில் இருந்தது. கரும்பு வெட்டு நேரத்தில் எந்த ஊரில் எத்தனை வண்டி நிற்கிறது என்று சொல்ல, ஆலையிலும் ஜீப்பிலும் பாப்பாரப்பட்டிப் பக்கத்துக் கரும்பு ஆபீசிலும் ஒயர்லெஸ் வைத்திருந்தார்கள். மே மாதம் அரவை இல்லை, ஜீப் சும்மா நின்றது. அப்பா அவளைக் கரும்பு ஆபீசரிடம் கூட்டிப் போனார். அவர் இவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். எவ்வளவு புரிந்ததோ, "நம்ம ஊருப் பொண்ணு கேக்குது" என்று மேலே எழுதி அனுமதி வாங்கிக்கொடுத்தார். டீசல் மட்டும் எங்களுடையது.

டிரைவர் பெரியண்ணனோடு வயசுப் பெண்ணைத் தனியாக அனுப்ப அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் நான் துணைக்கு. அப்படித்தான் நானும் ஆராய்ச்சியில் சேர்ந்தேன்.

வேலை எளிதுதான். காலேஜில் இருந்த சின்னக் கம்ப்யூட்டர் தன் கணக்குகளைச் சாதாரணப் பாட்டு கேசட்டில் கீச்சுச் சத்தங்களாகப் பதிந்து வைக்கும். அந்தக் கேசட்டை ஜீப்பில் டேப்ரிக்கார்டரில் ஓடவிட்டு, ஒயர்லெஸ் மைக்கை அதன் வாயில் நான் பிடித்துக்கொள்வேன். ஆலையில் ஆபரேட்டர் நாகன் இன்னொரு டேப்ரிக்கார்டரில் பதிவு செய்வார். பிறகு அவர் அனுப்புவார், நாங்கள் பதிவோம். எது வந்தது, எது வரவில்லை என்று பார்த்தால் தொலைந்தது தெரிந்துவிடும்.

ஆனால் அந்தச் சத்தம்! பூனையை வாலைப் பிடித்துச் சுற்றினால் கத்துமே, அப்படி. முதல் நாள் பாப்பாரப்பட்டி ஆபீசில் ஒயர்லெஸ் திடீரென்று கீச்சிட்டதும் அங்கே கூட்டிக்கொண்டிருந்த குள்ளம்மாள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவிட்டாளாம். மறுநாள் நாங்கள் போனபோது அந்தப் பெட்டிக்கு எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டிருந்தது.

இதற்கு நடுவில் அம்மா மாப்பிள்ளை பார்த்துவிட்டாள். கடத்தூர்க்காரர், அல்போன்ஸ். தருமபுரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. வியாழக்கிழமை சாயங்காலம் பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. சாயங்காலம்தானே என்று காலையில் நாங்கள் ஜீப்பில் கிளம்பினோம். அவர்களோ, வெயிலுக்கு முன்னால் வந்துவிடலாம் என்று முதல் பஸ்ஸைப் பிடித்திருக்கிறார்கள்.

பாப்பாரப்பட்டி ரோட்டில் ஒரு கரட்டை, அந்த மொட்டைக் குன்றைத் தாண்டினதும் டயர் பஞ்சர். மாற்று டயரை இறக்கினால் அதிலும் காற்றில்லை. பெரியண்ணன் அந்த டயரைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நானும் அவளும் புளியமரத்தடியில் ஜீப்பில் உட்கார்ந்திருந்தோம். அப்போது ஒயர்லெஸ்ஸில் ஒரு புதுக் குரல்.

"ஹலோ, ஜீப்புங்களா? நான் அல்போன்ஸ் பேசறேங்க. உங்க வூட்டுக்கு வந்தோம். நீங்க இல்லைன்னாங்க. உங்க அப்பாதாங்க என்னையும் பெரியப்பாவையும் ஆலைக்குக் கூட்டியாந்தாரு. எப்ப வருவீங்க?"

சகாயமேரி முகம் சிவந்துபோய் மைக்கை எடுத்தாள். "வணக்கங்க. வண்டி பஞ்சருங்க. ஒரு மணி நேரத்துல வந்துருவோம்."

"ஹலோ? கேக்குதுங்களா?"

"கேக்குதுங்க! பஞ்சருங்க!"

"ஹலோ... பதிலே இல்லைங்களே மாமா."

அவர் பேசுவது எங்களுக்குக் கணீரென்று கேட்டது. நாங்கள் கத்துவது அங்கே துளியும் போகவில்லை. ஆலையில் உயரமான கம்பம், பலமான பெட்டி. எங்களிடம் சின்னப் பெட்டி, ஜீப் மூக்கில் ஒரு குச்சி, நடுவில் கரடு. கொஞ்ச நேரத்தில் இன்னொரு குரல் கேட்டது. மாப்பிள்ளையின் பெரியப்பா.

"பொண்ணுக்கு இஷ்டமில்லை போல இருக்குது, அதான் வாயத் தொறக்கல. வாடா போலாம், பஸ்ஸு போயிரும்."

"அய்யய்யோ!" என்று நான் மைக்கைப் பிடுங்கினேன். "பெரியப்பா, இருக்குதுங்க, இஷ்டம் இருக்குதுங்க!" யாருக்குக் கேட்கும்?

திரும்பிப் பார்த்தால் இவள் சிரிக்கிறாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கல்யாணம் நின்னுபோயிரும்போல இருக்குது, உனக்குச் சிரிப்பா?"

"அக்கா, என் கணக்கு தப்பு! பதில் வரலைன்னா செத்துட்டான்னு எழுதி வெச்சிருக்கேன். இங்க பாரு, அவங்களுக்கு நாம செத்துட்டோம். நாம உயிரோடதான் உக்காந்திருக்கோம், அவங்க பேசற அத்தனையும் கேட்டுக்கிட்டு. இப்படி ஒரு பக்கம் மட்டும் கேக்கும்னு நான் யோசிக்கவே இல்லை. இதே மாதிரி ஆனா, அங்கயும் ஒரு தலைவர், இங்கயும் ஒரு தலைவர்னு ரெண்டு வந்துருமே!" என்றாள். அப்படியே என் ரவிக்கைத் துணி வாங்கிய கவரைக் கிழித்து அதன் பின்பக்கம் கட்டம் போட ஆரம்பித்துவிட்டாள். பெண் பார்க்க வந்தவர்களை மறந்தே போனாள் என்பது என் எண்ணம். அவள் இன்றுவரை இல்லை என்கிறாள்.

பெரியண்ணன் டயரோடு வந்து, மாட்டி, ஆலைக்குப் போய்ச் சேர வெகுநேரம் ஆகிவிட்டது. அப்பா வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பெரியப்பா பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாராம். அல்போன்ஸ் மட்டும் போகவில்லை. ஒயர்லெஸ் அறையில் நாகன் பக்கத்தில் உட்கார்ந்து, விட்டு விட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

எங்களைப் பார்த்ததும் எழுந்தார். புழுதி படிந்த முகமும் கலைந்த சடையுமாக இவள் நிற்கிறாள். பட்டுப்புடவை வீட்டில் மடித்தபடி கிடக்கிறது.

"நீங்க போயிருப்பீங்கன்னு நெனச்சேங்க" என்றாள்.

"எக்ஸ்சேஞ்சில தெனமும் இதேதாங்க. லைன் கெட்டா ஆளு இல்லைன்னு ஆயிருமா?" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "டேப்பு ஓடிக்கிட்டே இருக்கணும்னு நாகன் சொன்னாரு. நிறுத்தலைங்க. நான் பேசினதும் அதுல பதிஞ்சிருக்கும், பரவால்லைங்களா?"

"பரவால்லைங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தையை அவள் சொன்ன விதத்தில் அப்பா முகம் மலர்ந்துவிட்டது. உடனே டிவிஎஸ் 50-ஐ உதைத்துக் கிளப்பி, பஸ் ஏற இருந்த பெரியப்பாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்தார். எல்லோருமாக வீட்டுக்குப் போய்க் காலையில் செய்த கேசரியைச் சூடு பண்ணிச் சாப்பிட்டோம்.

அடுத்த வாரம் முழுக்க அவள் கணக்கைத் திருத்தினாள். ஆலை, ஜீப், பாப்பாரப்பட்டி ஆபீஸ் என்று மூன்று பேராக வைத்துக்கொண்டாள். பாதிக்கு மேல் ஆட்கள் சம்மதம் சொன்னதைத் தன் காதால் கேட்டால்தான் ஒருவர் தலைவர். கேட்காவிட்டால் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டருக்குப் பதில் ஒயர்லெஸ்ஸில் நாங்களே இந்த விதிப்படி பேசிக்கொண்டு, மறுபடி கரட்டைச் சுற்றி ஓட்டிப் பார்த்தோம். சில நேரம் தலைவரே இல்லாமல் எல்லோரும் சும்மா கிடந்தோம். ஆனால் ஒரு தடவைகூட இரண்டு தலைவர் வரவில்லை. "ரெண்டு பேரு ஆளுக்கொரு பக்கம் இழுக்கறதுக்கு, சும்மா கெடக்கறது எவ்வளவோ மேல்" என்று, அவள் மெட்ராஸ் போய்க் காட்டியபோது புரொபசர் முதல்முறையாக அவளைப் பாராட்டினார்.

ஜூன் மாதமே கல்யாணம் என்று அம்மா குதித்தாள். படிப்பு முடியட்டும் என்று அல்போன்ஸ்தான் சொன்னார். மறு வருடம் மார்ச்சில் வாய்மொழித் தேர்வு. கம்ப்யூட்டருக்குத் தனி ஏசி அறை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. வெளியூர்த் தேர்வாளர், "கம்ப்யூட்டர் எதுக்கும்மா ஜீப்பில போகணும்?" என்று கேட்டாராம். "போகணும்னு சொல்லலைங்க சார். போனா என்ன ஆகும்னு பார்த்தேன்" என்றாளாம் இவள். அவரும் சிரித்துவிட்டார்.

ஈஸ்டர் முடிந்து கல்யாணம். கரும்பு ஆபீசர் வந்தார், நாகன் வந்தார். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஜீப்பைக் கழுவிப் பூச்சுற்றிப் பெரியண்ணனே ஓட்டினார். சேலத்தில் ஒரு காலேஜில் அவளுக்கு வேலை கிடைத்தது; அல்போன்ஸும் அங்கே மாற்றல் வாங்கிக்கொண்டார்.

1989 கடைசியில் பெங்களூரில் ஒரு கருத்தரங்கில் பேச அவளைக் கூப்பிட்டார்கள். கைக்குழந்தை இருந்ததால் மறுபடியும் நான் துணைக்கு. உள்ளே அவள் பேசிக்கொண்டிருக்க, மண்டபத்துக்கு வெளியே மரத்தடியில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். காவலாளி கன்னடத்தில், "தாயி எல்லம்மா?" என்று கேட்டார், குழந்தையின் அம்மா எங்கே என்று. உள்ளே கை காட்டினேன். ஸ்டூலை எனக்கு நகர்த்திப் போட்டார். அப்போது உள்ளே படபடவென்று கைதட்டும் சத்தம் கேட்டது. குழந்தை விழித்துக்கொண்டு, பால் கேட்டு அழ ஆரம்பித்தாள்.