பர்மிட்டில் இருந்த ஸ்கூட்டர்

தொண்ணூற்று மூன்று. குறித்துக்கொள்ளுங்கள். ஆனைகட்டியிலிருந்து வால்பாறை வரை, மலையோரமாக நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர். அதில் சென்னியம்மாள் நடந்து முடித்தது தொண்ணூற்று மூன்று.

போத்தனூர்க்காரர். மில்லில் சைடர் வேலை, இருபத்தேழு வருடம். மெஷின் சந்துக்குள் போய்வந்து அறுந்த நூலை ஒட்டுகிற வேலை அது. ஷிப்டுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடக்கிறார்கள் என்று யூனியன்காரர்கள் நாங்கள் அப்போது நோட்டீஸ் அடித்தோம். நிர்வாகம் மறுக்கவில்லை. பதிலும் சொல்லவில்லை.

மில்லை மூடினார்கள். "செவுத்துக்குள்ளயே நடந்துபோட்டேனுங்க. இனி வெளிய நடக்கோணும்" என்றார். வருடத்துக்கு ஒரு துண்டாக நான்கு வருடம் நடந்தார். நான்கு துண்டுக்கும் நான்கு வன அலுவலகம், நான்கு விதமான மனு. மிச்சம் ஐந்தாவது துண்டு, கடைசி: பத்தொன்பது கிலோமீட்டர் காட்டு ரோடு. நடுவில் ஓர் இரவுத் தங்கல். இந்த ஜனவரியிலேயே நடந்தாக வேண்டும். பிப்ரவரியில் காட்டுத்தீக் காலம் என்று காட்டை அடைத்துவிடுவார்கள். மார்ச்சில் அவருக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன். அதற்குப் பிறகு மலை கூடாது என்று டாக்டர் தீர்மானமாகச் சொல்லியிருந்தார்.

தங்கலுக்கான மனு கம்ப்யூட்டரில்தான். அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த நிதீஷ் என்ற பையன் தட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றான்.

"வண்டி நம்பர் சொல்லுங்கம்மா."

"நடக்கறவளுக்கு எதுக்குங்க கண்ணு வண்டி நம்பரு? செருப்பு நம்பரு வேணா எழுதிக்க. ஏழு."

"காலியா உட்டா சிஸ்டம் எடுக்காதுங்கம்மா. ஏதாச்சும் ஒண்ணு போடுங்க."

பக்கத்து வீட்டு ராமாமணியின் ஸ்கூட்டர் நம்பரைச் சொன்னார். பர்மிட் வந்தது.

குறித்த தேதியில் காலை ஏழு மணிக்கு செக்போஸ்ட்டில் இறங்கினார். காவலர் ஆறுச்சாமி தாளை இரண்டு தடவை படித்தார்.

"ஏனுங்கம்மா, ஸ்கூட்டர்னு போட்டிருக்குதே. டூவீலருக்கு உள்ள அனுமதி இல்லீங்களே."

"ஸ்கூட்டரு வரலீங்க. நான்தானுங்க வந்திருக்கேன்."

"வண்டி இல்லாம வந்தா பர்மிட்டு செல்லாதுங்கம்மா."

"அப்ப அந்த ஸ்கூட்டர எடுத்துட்டு வாரேன், உடுவீங்களா?"

"உடமாட்டமுங்க."

"வந்தாலும் தப்பு, வராட்டியும் தப்பு. நல்லாருக்குதுங்க உங்க சட்டம்."

ஆறுச்சாமி தலையைச் சொறிந்தார். புது மனு போடலாம் என்றார். அதற்குப் பதினைந்து வேலை நாள். காடு அடைக்க ஒன்பது நாள்தான் இருந்தது.

கார் ஒன்று நின்றது. எஸ்டேட் விடுதிக்குப் போகிற குடும்பம். விஷயம் கேட்டு, "ஏறிக்குங்கம்மா, நாங்க உள்ள கொண்டுபோய் உட்டர்றோம்" என்றது. காருக்கு எந்தத் தடையும் இல்லை.

"உக்காந்து போறதுக்கா நாலு வருசமா நடந்தேன்? நீங்க போங்க சாமி."

திரும்பும் பஸ் மாலை நாலு மணிக்குத்தான். செக்போஸ்ட் எதிரே ஒரு கல்லில் முழங்காலை நீட்டி உட்கார்ந்தார். மில்லில் ஒவ்வொரு சுற்றுக்கும் அறுந்த நூலை எண்ணிய பழக்கம். உள்ளே போன கார்களை எண்ணிக்கொண்டிருந்தார். பஸ் வரும்வரை.

அறுபத்திரண்டு.