அழைப்பில்லாமல் ஆற்றங்கரை வரை

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

இலண்டன் வாழ் தமிழரின் நினைவுகளைத் தங்கள் வாசிகசாலைக்கெனச் சேர்த்து வருகிறீர்கள் என அறிந்து இதனை எழுதத் துணிந்தேன். போரைப் பற்றியும் புலம்பெயர்ந்த துன்பத்தைப் பற்றியும் என்னிலும் நன்றாக எழுதக்கூடியவர்கள் தந்திருப்பார்கள். என்னிடம் உள்ளது ஒரு துவிச்சக்கர வண்டிப் பயணத்தின் கதை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடைகாலத்தில், நானும் என் மனைவியும் வட இலண்டன் எட்மண்டனிலிருந்து புறப்பட்டு, பிரான்சு நாட்டுக் காடுகளினூடாக அவளுடைய அக்கா வாழ்ந்த ஊர்வரை சென்றோம்.

எங்கள் வீட்டுக்குச் சற்றுக் கிழக்கே லீ ஆறு ஓடுகிறது. அதன் கரையில், முற்காலத்தில் படகிழுத்த குதிரைகள் நடந்த பாதையொன்று உண்டு. தார் போடாத, சிறு கற்கள் பரப்பிய கிரவல் பாதை. எண்பதுகளின் இறுதியில், நான் வேலை செய்த, மேசை கதிரை செய்யும் தளபாடத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் ஆங்கிலேயர், தடித்த ரயர் பூட்டிய இரண்டு பழைய வண்டிகளை எனக்குத் தந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் அப்பாதை வழியே வடக்கு நோக்கிச் சென்று, வோல்தம் அபே என்னும் பழைய பட்டணத்துக் கோயிலின் மதிலோரம் அமர்ந்து, கொண்டுபோன இடியப்பத்தை உண்டு திரும்புவோம். சில்லுக்கடியில் கிரவல் நெரியும் ஓசை நெற்பொரி வறுபடுவதுபோல் இருக்கும். வாரம் முழுவதும் இயந்திரச் சத்தம் கேட்ட செவிகளுக்கு அது பெரும் ஆறுதல்.

என் மனைவி முதன்முதலாகக் காற்சட்டை அணிந்தது அந்தப் பாதையில்தான். அது என்னுடைய காற்சட்டை. கீழே மடித்து விட்டிருந்தாள்.

"எங்கட சனம் ஆரும் வந்தா மணியை அடியுங்கோ" என்பாள்.

நான் மணி அடித்தால் இறங்கிச் செடிப் பற்றைக்குப் பின்னால் போய் நிற்பாள். சனமே இல்லாதபோதும் ஓரிருமுறை அடித்திருக்கிறேன். அதற்காக அவள் கூறிய சொற்களை இங்கே எழுதுவது முறையன்று.

இனி அக்காவின் செய்திக்கு வருகிறேன். என் மனைவிக்குக் கூடப்பிறந்தவர் அந்த ஒருவரே. அவர் குடும்பத்தோடு பிரான்சில் அகதியாகி, சேன் ஆற்றங்கரையில் வெர்னோன் என்னும் பட்டணத்தில் குடியேறியிருந்தார். பயணத்துக்கு மூன்று ஆண்டுகள் முன்னர் அங்கே ஒரு வீடு வாங்கி, புதுமனை புகும் சடங்கான குடிபூரல் வைத்தார். அந்தச் செய்தியைச் சொல்லத் தொலைபேசியில் அழைத்தபோது எடுத்தவன் நான். என் மனைவி அடுப்படியில் ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டு நின்றாள். "இன்ன நாள் குடிபூரல், அவளுக்கும் சொல்லுங்கோ" என்று கூறி அக்கா வைத்துவிட்டார்.

நானும் சொன்னேன். அத்தோடு சகோதரிகளின் பேச்சு நின்றது.

எங்கள் வழக்கத்தில், மங்கல காரியத்தை அயலாருக்கு யார் மூலமும் சொல்லி அனுப்பலாம். உரித்துள்ளவருக்குத் தன் வாயால் சொல்லவேண்டும். அக்காலத்தில் எங்களிடம் கடவுச்சீட்டு இல்லை. கடல் கடந்து போகவே முடியாது. அது அக்காவுக்கும் தெரியும். போக முடியாதவளிடம் இவ்வளவு முறைமை எதற்கு என்று நான் கேட்டேன்.

"போகேலாதவளுக்குத்தான் வடிவாச் சொல்லவேணும்" என்றாள் மனைவி. "போகக்கூடியவள் கேட்டுக்கேள்வியில்லாமல் போய் நிப்பாள்."

அவள் அக்காவை வெறுக்கவில்லை. தொலைபேசி அடிக்கும்போதெல்லாம், அக்காவோ என்று அவள் அவசரமாகக் கை துடைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அழைப்பு வராமலே ஒரு கூடப்பிறப்பு தொலைந்துவிடுமோ என்று நான் பயந்தேன்.

பின்னர் எங்கள் கையில் கடவுச்சீட்டு வந்தது. வண்டிகளைத் தந்த ஆங்கிலேயர், தாம் இளமையில் சென்ற வழியை ஒரு வரைபடத்தில் பென்சிலால் கீறித் தந்தார். டியெப் துறைமுகத்தில் இறங்கி, பீச் மரக் காடுகளைக் கடந்து, சேன் ஆற்றை அடைந்து, அதன் கரையோடு போகும் வழி. அது வெர்னோன் ஊடாகச் சென்றது. மனைவி அந்தப் பெயரை விரலால் தொட்டாள்.

"வாறன். காட்டைப் பாக்க வாறன், ஆத்தைப் பாக்க வாறன். அவவின்ர வீட்டுப்படி மிதிக்கமாட்டன். இப்பவே சொல்லிப்போட்டன்."

"சரி, நீர் மிதிக்கவேண்டாம்" என்றேன்.

புறப்படுவதற்கு முந்திய நாள் வீடெங்கும் மிளகாய் வறுத்த நெடி. ஒரு தலையணையளவு பையில் கறித்தூளைக் கட்டித் தன் வண்டியின் கரியரில் ஏற்றினாள்.

"ஆருக்கு இவ்வளவு தூள்?"

"வழியிலை சமைக்கவேண்டாமே?"

இரண்டு பேர் ஒரு வருடம் சமைக்கப் போதுமான தூள் அது.

நியூஹேவனில் கப்பலேறி டியெப்பில் இறங்கினோம். அடுத்த நாள் நாங்கள் புகுந்த காட்டைப் போல ஒன்றை அதற்கு முன்னர் கண்டதில்லை. மரங்களின் கிளைகள் மிக உயரத்திலேயே தொடங்கின. அடியில் புதர் ஏதும் இல்லை. பழைய சருகின் செம்பழுப்பு மாத்திரமே. கிரவல் பாதை நேர்கோடாக, கண் எட்டும்வரை போயிற்று.

"இஞ்ச ஆரோ ஒவ்வொரு நாளும் கூட்டுறாங்கள் போல கிடக்கு" என்றாள் மனைவி. மணி அடிக்க எவரும் இல்லாத காட்டில் அவள் எனக்கு முன்னே, பாட்டொன்றை முணுமுணுத்துக்கொண்டு சென்றாள்.

ஓர் இறக்கத்தில் 'டிங்' என்று ஓசை கேட்டது. அவளுடைய பின்சில்லின் கம்பியொன்று அறுந்து, சில்லு கோணி, பிறேக்கோடு உரசி நின்றது. பாரமே காரணம்.

"தூளை விட்டிட்டுப் போவம்" என்றேன்.

"உங்களை வேணுமெண்டா விட்டிட்டுப் போறன்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் வேறெங்கோ பார்த்தாள். அறுந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியோடு சுற்றிக் கட்டி, பையை என் வண்டிக்கு மாற்றினேன். காட்டின் நடுவே இருந்த சிறு பட்டணத்தில், மரத்தூண்களின் மேல் கூரை நிற்கும் பழைய சந்தைக் கூடத்துக்கு அருகே, ஒரு வண்டித் திருத்துநர் புதுக் கம்பி போட்டுத் தந்தார். என் பையை முகர்ந்து மூன்றுமுறை தும்மினார். காசு வாங்கும்போதும் தும்மினார்.

ஆற்றை அடைந்தபின் வழி இலகுவாயிற்று. வெண்சுண்ணப் பாறைகள் ஒருபுறம், மெல்ல நகரும் சரக்குப் படகுகள் மறுபுறம். வெர்னோனை நெருங்க நெருங்க என் மனைவி மெதுவாக மிதித்தாள். அங்கே உடைந்துபோன பழைய பாலத்தின் இரண்டு தூண்களின்மேல், தண்ணீருக்கு நடுவே, ஒரு சிறிய ஆலை வீடு நிற்கிறது. அதற்கு எதிரே கரையில், இருவர் அமரக்கூடிய ஒரு மர வாங்கு. அதில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்கள் போய் முகத்தைக் காட்டிப்போட்டு வாங்கோ. தூளையும் குடுங்கோ. நான் இதிலை இருக்கிறன்."

அக்காவின் வீடு தேவாலயத்துக்குப் பின்னால், மரச்சட்டங்கள் தெரியும் பழைய வீடுகள் கொண்ட ஒடுங்கிய தெருவில் இருந்தது. கதவைத் திறந்த அக்கா என்னைக் கண்டார். எனக்குப் பின்னால் தேடினார்.

"எங்க அவள்?"

"ஆத்தங்கரையிலை இருக்கிறா."

"அங்க என்ன செய்யிறாள்? மீன் பிடிக்கிறாளோ?"

"நீங்கள் கூப்பிடேல்லையாம், மச்சாள்."

அக்கா கதவின் பிடியை விடாமல் நின்றார். கோபிப்பார் என்று எண்ணினேன். அவர் முகம் கோணியது. ஆனால் கோபத்தால் அன்று.

"கூப்பிடுறதோ? பிறத்தியாரைத்தான் தம்பி கூப்பிடுறது. அவளைக் கூப்பிட்டா அவள் பிறத்தியெண்டெல்லோ அர்த்தம்? அவளின்ர வீடு எண்டு நான் பேசாமலிருக்க, கூப்பிடேல்லை எண்டு அவள் இருக்கிறாள். நல்லாயிருக்கு!"

ஒரே வழக்கத்தை அக்கா ஒரு முனையிலும் தங்கை மறு முனையிலும் பிடித்திருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. இடையில் நின்ற எனக்கு மூன்று ஆண்டுகளாக அது தெரியவில்லை.

அக்கா உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு தாம்பாளம். சந்தனம், குங்குமம், ஒரு தேசிக்காய். வெற்றிலை கிடைக்காத ஊராதலால் பச்சையாக உண்ணும் சலாதுக் கீரையின் இரண்டு இலைகள். வீட்டுச் செருப்போடு, தாம்பாளத்தை இரு கைகளாலும் ஏந்தியபடி, அந்தப் பிரெஞ்சுத் தெருவில் நடந்தார். ரொட்டி வாங்க வந்த சனம் விலகி வழிவிட்டது. நான் வண்டியை உருட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

வாங்கில் இருந்த என் மனைவி அவரைக் கண்டதும் எழுந்துவிட்டாள். பிறகு, எழுந்ததை நினைத்து, மீண்டும் உட்கார்ந்தாள்.

அக்கா அவளுக்கு எதிரே நின்று, திருமண அழைப்பு வாசிப்பவரைப்போலக் குரலை உயர்த்தினார்.

"எங்கட வீட்டுக் குடிபூரலுக்குத் தாங்கள் குடும்பமா வந்து சிறப்பிக்கவேணும்."

"எப்ப?" என்றாள் மனைவி, ஆற்றைப் பார்த்தபடி.

"மூண்டு வருசத்துக்கு முந்தி."

"கொஞ்சம் பிந்திப் போனம் போல."

"சமைச்சது ஆறிப்போச்சு. வா."

மனைவி சலாது இலையைத் தூக்கிப் பார்த்தாள். அவளுடைய தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று எண்ணினேன். அருகே போனபோது அது சிரிப்பு மாத்திரம் அல்ல என்று கண்டேன். அக்கா தாம்பாளத்தை வாங்கில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் அமர்ந்தார். தங்கையின் மடித்த காற்சட்டையைப் பார்த்து, "என்ன கோலமடி இது?" என்றார். "அவரின்ர" என்றாள் தங்கை. பின்னர் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, என்னைத் திரும்பியும் பாராமல் தெருப்பக்கம் நடந்தார்கள். இரண்டு வண்டிகளையும் தாம்பாளத்தையும் எப்படிக் கொண்டுபோவது என்பது என்னுடைய பாடாயிற்று.

அதன்பின் ஒவ்வொரு கோடையும் போனோம். இப்போது முழங்கால் இடம்கொடாமையால் இரயிலில் போகிறோம். ஆனால் சகோதரிகள் இருவரும் இக்கதையை ஒன்றுபோலச் சொல்வதில்லை. "அவள்தானே என்னைத் தேடி வந்தவள், லண்டனிலையிருந்து சைக்கிளிலை" என்கிறார் அக்கா. "அவதானே என்னைத் தேடி வந்தவ, வீட்டுச் செருப்போடை" என்கிறாள் என் மனைவி. முதலில் விட்டுக்கொடுத்தது தாம் அல்ல என்பதில் இருவரும் உறுதியாக இருக்கிறார்கள். அன்று எவரும் படம் பிடிக்கவில்லை. நடந்ததை நடந்தபடி கண்டவன் நான் ஒருவனே. ஆகையால் இதனை எழுதினேன். தயவுசெய்து இதனைத் தங்கள் வாசிகசாலையில் வைத்திருங்கள்.